முன்பு, பின்பு: இழுத்துப் பார்க்கும் படத்துக்குள் இருக்கும் அறிவியல்

மாணவர்களே, இணையக் கடைகளில் இப்படியொரு படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். படத்தின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதன்மேல் சின்ன வட்டப் பொத்தான். கோட்டுக்கு இடப்பக்கம் சேறு படிந்த காலணி, வலப்பக்கம் பளிச்சென்ற அதே காலணி. பொத்தானை விரலால் இழுத்தால் அழுக்கு மறைந்துகொண்டே போகிறது. திரும்ப இழுத்தால் அழுக்கு மறுபடியும் வருகிறது. பொருளை வாங்கும் எண்ணமே இல்லாதவர்கூட இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார்.

இதை முன்-பின் ஸ்லைடர் என்கிறோம். நிறைய பள்ளிகளில் இப்போது தொழில்முனைவோர் மன்றங்கள் இணையத்திலும் விற்பனை செய்கின்றன. உங்கள் மன்றம் தீபாவளிக்கு முன் பித்தளை விளக்கு துலக்கும் பொடியை விற்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைப் பக்கத்தில் விளக்கின் இரண்டு படங்களைக் காட்ட வேண்டும். எந்த மாதிரி ஸ்லைடரைத் தேர்ந்தெடுப்பது? பார்க்க அழகாக இருப்பது எது என்பதோடு இந்தக் கேள்வி முடிவதில்லை. ஒளி, கண், மூளை, நியாயமான சோதனை எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. வாங்குபவரின் பணமும் உங்கள் மன்றத்தின் பெயரும்கூட அடங்கியிருக்கின்றன.

விளக்கு ஏன் கறுக்கிறது?

படத்துக்குப் போகும் முன் பொருளைப் புரிந்துகொள்வோம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த கலப்புலோகம். காற்றில் உள்ள ஆக்சிஜன் செம்புடன் வினைபுரிந்து, மேற்பரப்பில் கருமையான ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. எண்ணெயும் திரிப்புகையும் சேர்ந்தால் விளக்கு இன்னும் கறுக்கும்.

வீட்டில் அம்மாவோ பாட்டியோ புளியைத் தேய்த்துத் துலக்குவதைப் பார்த்திருப்பீர்கள். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. உலோக ஆக்சைடும் அமிலமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். அந்த உப்பு நீரில் கரைந்து போக, அடியிலுள்ள மஞ்சள் நிற உலோகம் தெரிகிறது. ஆக, நம் பொடி உண்மையிலேயே வேலை செய்யக்கூடிய பொருள்தான். அந்த உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் படத்தில் காட்டுவதே நம் வேலை.

ஸ்லைடர் எப்படி இயங்குகிறது?

பார்ப்பதற்கு ஒரே படம் மாறுவதுபோல் தோன்றினாலும், அங்கே இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் 'பின்பு' படம், மேலே 'முன்பு' படம். மேலே உள்ள படத்தின் ஒரு பகுதியைக் கணினி மறைத்துவிடுகிறது. எவ்வளவு மறைப்பது என்பதை உங்கள் விரல் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது.

கணக்கு மிக எளிது. படத்தின் இட விளிம்பிலிருந்து விரல் இருக்கும் தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். படத்தின் அகலம் 360 பிக்சல், விரல் 90ஆவது பிக்சலில் இருக்கிறது என்றால், 90 ÷ 360 × 100 = 25. அதாவது மேல் படத்தின் இடப்பக்க 25 விழுக்காடு மட்டும் தெரியும். மீதி 75 விழுக்காட்டில் அடிப்படம் தெரியும். விரல் நகர நகர இந்தக் கணக்கு நொடிக்குப் பல முறை மறுபடியும் செய்யப்படுகிறது. அதனால்தான் திரை விலகுவதுபோல் தோன்றுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான நிபந்தனை பிறக்கிறது. இரண்டு படங்களிலும் பொருள் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும். 'பின்பு' படத்தில் விளக்கு 20 பிக்சல் வலப்பக்கம் தள்ளி இருந்தால், கோடு விளக்கின் தண்டைக் கடக்கும்போது தண்டு இரண்டாக உடைந்ததுபோல் தெரியும். ஆகவே கைப்பேசியை முக்காலியில் பொருத்துங்கள். முக்காலி இல்லையென்றால் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கின் அடிப்பாகத்தைச் சுற்றி மேசையில் ஒட்டுநாடாவால் அடையாளம் போட்டுவிட்டால், துலக்கிய பிறகு அதே இடத்தில் வைக்கலாம்.

எந்த வடிவமைப்பு எதற்கு?

இணையக் கடையை உருவாக்கும் மென்பொருள்களில் பொதுவாக நான்கு வகைகளைக் காணலாம்.

முதலாவது, இழுக்கும் கோடு. ஒரு மேற்பரப்பு முழுவதும் மாறியிருந்தால் இது பொருத்தமானது. துலக்கிய விளக்கு, கழுவிய காலணி, சாயம் பூசிய சுவர் போன்றவை இதில் அடங்கும். கோடு இடவலமாகவும் நகரலாம், மேல்கீழாகவும் நகரலாம். குத்துவிளக்கு உயரமான பொருள். அதற்கு இடவலமாக நகரும் செங்குத்துக் கோடு நல்லது, ஏனென்றால் கோடு தண்டின் நடுவில் நிற்கும்போது, அடி முதல் உச்சி வரை ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு நிலைகளையும் ஒப்பிடலாம்.

இரண்டாவது, பொத்தானைத் தட்டினால் ஒரே இடத்தில் படம் மாறும் வகை. சின்னஞ்சிறு மாற்றத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. இதற்கு வானியலில் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. 1930ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் 24 வயது இளைஞர் கிளைட் டொம்பாவ் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ஜனவரி 23, 29 ஆகிய இரு இரவுகளில் வானத்தின் ஒரே பகுதியை அவர் படம் எடுத்திருந்தார். அந்த இரண்டு படங்களையும் ஒரு கருவியில் பொருத்தி, ஒரே கண்ணாடிவில்லை வழியாக மாறி மாறிப் பார்த்தார். விண்மீன்கள் எல்லாம் அசையாமல் நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இங்கும் அங்கும் தாவியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், அத்தனை விண்மீன்களுக்கு நடுவே அந்தப் புள்ளியைப் பிடிப்பது மிகக் கடினம். அசைவைக் கவனிப்பதில் நம் கண்ணும் மூளையும் கெட்டிக்காரத்தனம் மிகுந்தவை.

மூன்றாவது, ஒன்று மெல்ல மங்கி மற்றொன்றாகும் வகை. பார்க்க நளினமாக இருக்கும். ஆனால் மாற்றம் படிப்படியாக நடப்பதால் 'அசைவு' என்னும் சைகை மூளைக்குக் கிடைப்பதில்லை. ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இது பலவீனமானது.

நான்காவது, பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. பொருளின் வடிவமே மாறிவிட்டால் இதுதான் சரி. விதை செடியாக வளர்ந்ததை இழுக்கும் கோட்டில் காட்டினால், பாதி விதை, பாதி செடி என்று விநோதமாக இருக்கும்.

இடையில் ஒரு வெற்றுத் திரை வந்தால்?

தட்டும் வகையில் ஒரு பொறி இருக்கிறது. 1997ஆம் ஆண்டு ரொனால்ட் ரென்சிங்க், கெவின் ஓரீகன், ஜேம்ஸ் கிளார்க் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறக்குறைய ஒன்றேபோல் இருக்கும் இரண்டு படங்களை மாறி மாறிக் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் இடையில், நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் வெற்றுத் திரையைக் காட்டினார்கள். பெரிய மாற்றங்களைக்கூடப் பார்வையாளர்கள் கண்டுபிடிக்கத் திணறினார்கள். வெற்றுத் திரையை எடுத்துவிட்டதும் உடனே கண்டுபிடித்தார்கள். இதற்கு 'மாற்றக் குருட்டுத்தன்மை' என்று பெயர்.

இணையக் கடைக்கு இதனால் என்ன? வாடிக்கையாளர் பொத்தானைத் தட்டிய பிறகுதான் இரண்டாம் படம் தரவிறங்கத் தொடங்குகிறது என்றால், இடையில் வெற்றுத் திரை வரும். நீங்கள் காட்ட நினைத்த மாற்றம் அவர் கண்ணில் படாமலேயே போகலாம். இரண்டு படங்களையும் முன்கூட்டியே இறக்கி வைக்கும் வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்குப் படத்தின் எடையும் குறைவாக இருக்க வேண்டும். 1200 பிக்சல் அகலமும் 900 பிக்சல் உயரமும் கொண்ட படத்தில் 10 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட் தேவை. சுருக்காமல் அனுப்பினால் ஒரு படத்துக்கு 32 லட்சத்து 40 ஆயிரம் பைட், அதாவது சுமார் 3.2 மெகாபைட். நமக்கோ இரண்டு படங்கள் வேண்டும். ஜேபெக், வெப்பி போன்ற வடிவங்களில் சுருக்கினால் இது பல மடங்கு குறையும். ஆனால் இரண்டு படங்களையும் ஒரே அளவில் சுருக்குங்கள். 'முன்பு' படத்தை மட்டும் அதிகமாகச் சுருக்கினால் அது மங்கித் தெரியும். அந்த மங்கலை வாடிக்கையாளர் அழுக்கு என்று நினைத்துக்கொள்வார்.

பொடி செய்யாத வேலையைப் படம் செய்யலாம்

இப்போது முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். விளக்கைத் துலக்கவே வேண்டாம், இருந்தும் அதைப் பளபளப்பாகக் காட்ட முடியும். எப்படி?

ஒன்று, ஒளியின் தூரம். சிறிய மின்குமிழைப் பொருளிலிருந்து பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால், பொருளின்மேல் விழும் ஒளி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். இதுவே எதிர்வர்க்க விதி.

இரண்டு, ஒளியின் நிறம். மஞ்சள் ஒளி தரும் பழைய குமிழின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 2,700 கெல்வின். பகல் வெளிச்சம் 5,500 முதல் 6,500 கெல்வின் வரை இருக்கும். பித்தளையை மஞ்சள் ஒளியில் வைத்தால் பொன்போல் மின்னும், நீலம் கலந்த ஒளியில் சோகை பிடித்ததுபோல் தெரியும். கைப்பேசி தானாகவே நிறத்தைச் சரிசெய்ய முயல்வதால் குழப்பம் இன்னும் கூடும்.

மூன்று, சாய்வு. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே பளபளப்பான பரப்பை 10 பாகை திருப்பினால், மீளும் ஒளிக்கதிர் 20 பாகை திரும்பும். விளக்கைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும், ஒளி நேராகப் படவில்லைக்குள் பாய்ந்துவிடும்.

நான்கு, பின்புலம். மிஷேல் யூஜின் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பாரிசில் இருந்த கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்தவர். சில சாயங்கள் மங்கலாக இருப்பதாகப் புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் உள்ள நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டறிந்தார். 1839இல் அதை நூலாகவே வெளியிட்டார். கறுப்புத் துணிக்கு முன் வைத்த சாம்பல் நிறம் வெளிறித் தெரியும். அதே சாம்பல் நிறம் வெள்ளைத் துணிக்கு முன் இருண்டு தெரியும். ஸ்லைடரின் கோடும் இப்படித்தான். இருண்ட பாதியும் ஒளிர்ந்த பாதியும் கோட்டில் ஒட்டி நிற்பதால், வேறுபாடு கூடுதலாகவே தோன்றும்.

இவற்றை எல்லாம் கட்டுப்படுத்த ஒரு மலிவான வழி உண்டு. இரண்டு படங்களிலும் விளக்கின் பக்கத்தில் ஒரே வெள்ளைத் தாள் துண்டை வையுங்கள். 'முன்பு' படத்தில் தாள் பழுப்பாகவும், 'பின்பு' படத்தில் பளிச்சென்றும் இருந்தால், மாறியது விளக்கு மட்டுமல்ல, ஒளியும் மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இனி இணையத்தில் பிறருடைய முன்-பின் படங்களைப் பார்க்கும்போதும் பொருளைப் பார்க்காதீர்கள். முதலில் பின்னால் உள்ள சுவரையும் மேசையையும் பாருங்கள்.

இரண்டு படம் போதாது, மூன்று வேண்டும்

நியாயமான சோதனையில் மூன்று வகை மாறிகள் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது தற்சார்பு மாறி. அதனால் மாறுவது சார்பு மாறி. மாறாமல் பிடித்து வைத்திருப்பவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். நம் விளக்கில் ஒளி, கோணம், தூரம், கைப்பேசி அமைப்பு எல்லாம் மூன்றாம் வகை.

இவை அனைத்தையும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பளபளப்பு வந்தது பொடியாலா, அல்லது துணியால் அழுத்தித் தேய்த்ததாலா? 'முன்பு', 'பின்பு' என்ற இரண்டு படங்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒப்பிட ஒரு கட்டுப்பாடு தேவை. ஒரே அளவு கறுத்த மூன்று பித்தளைக் கிண்ணங்களை எடுங்கள். முதலாவதை ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டாவதைத் தண்ணீரும் துணியும் கொண்டு 50 முறை தேயுங்கள். மூன்றாவதைப் பொடி, தண்ணீர், துணி கொண்டு அதே 50 முறை தேயுங்கள். பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தில் எடுங்கள். ஒரே படம் என்பதால் கைப்பேசி ஒன்றுக்கு ஒரு மாதிரி நிறத்தைச் சரிசெய்ய வழியில்லை.

விளக்கில் தவறினால் சில ரிங்கிட் வீணாகும், அவ்வளவுதான். முகத்தில் தவறினால்? உங்கள் வயதில் பலரும் ஆவலோடு இழுத்துப் பார்க்கும் ஸ்லைடர், பருவுக்கும் நிறத்துக்குமான களிம்பு விளம்பரங்களில்தான் இருக்கிறது. பருக்கள் தாமாகவே கூடும், தாமாகவே குறையும். மிக மோசமாக இருக்கும் நாளில்தான் ஒருவர் 'முன்பு' படம் எடுப்பார், களிம்பும் வாங்குவார். சில வாரம் கழித்து, எதையும் பூசாமல் இருந்தாலும் முகம் ஓரளவு தெளிந்திருக்கக்கூடும். மோசமான நிலை சராசரியை நோக்கித் திரும்புவது இயற்கை. அந்தப் பெருமையைக் களிம்பு எடுத்துக்கொள்கிறது. கட்டுப்பாடு இல்லாத இரண்டு படங்களால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே முடியாது.

இதைவிடக் கவலையான விஷயமும் உண்டு. சில வெளுப்புக் களிம்புகளில் 'பின்பு' படம் உண்மையாகவே இருக்கலாம். பாதரசம் தோலில் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் நிறம் சீக்கிரம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். மலேசியாவின் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனமும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் இத்தகைய களிம்புகளைக் குறித்துத் திரும்பத் திரும்ப எச்சரித்துள்ளன. இழுக்கும் கோடு தோலின் மேற்பரப்பைத்தான் காட்டும். சிறுநீரகத்துக்கு என்ன ஆயிற்று என்று எந்த ஸ்லைடரும் காட்டாது. வாங்கும் முன் அந்தப் பொருள் அறிவிக்கப்பட்ட பொருளா என்று அதிகாரத்துவ அகப்பக்கத்தில் பாருங்கள், மருந்தாளரிடம் கேளுங்கள்.

விற்பவருக்கும் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டமும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கின்றன. விற்பது சிறிய கடை என்பதால் பொய்ப் படம் உண்மையாகிவிடாது.

எல்லா விரலுக்கும், எல்லாக் கண்ணுக்கும்

வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவர்களையும் நினைத்துப் பாருங்கள். பித்தளை விளக்குப் பொடியை வாங்கப் போவது பெரும்பாலும் உங்கள் பாட்டி வயதினர். சிறிய பொத்தானை அவர்களால் பிடித்து இழுக்க முடியுமா? தொடு பொத்தான் குறைந்தது 44க்கு 44 புள்ளி இருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு வழிகாட்டி சொல்கிறது. 2023இல் வெளிவந்த இணைய அணுகல் தரம் 2.2, இழுத்துச் செய்யும் வேலையை இழுக்காமல் ஒரு தட்டலிலும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. கை நடுங்குபவருக்கு அது பெரிய உதவி.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே, சிவப்புக் கோடு என்றால் 'முன்பு', பச்சைக் கோடு என்றால் 'பின்பு' என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 'முன்பு', 'பின்பு' என்ற சொற்களைப் படத்தின்மேலேயே எழுதுங்கள். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் என்பதால் 'முன்பு' இடப்பக்கம் இருக்கட்டும். படம் திறக்கும்போது கோடு சரி நடுவில் நிற்கட்டும். 'பின்பு' படம் மட்டும் பெரிதாகத் தெரியும்படி கோட்டை ஓரத்தில் நிறுத்துவது, தராசின் ஒரு தட்டில் விரலை வைப்பதற்குச் சமம்.

ஆக, நம் விளக்குப் பொடிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? என் பரிந்துரை இது: இடவலமாக நகரும் கோடு, நடுவில் தொடக்கம், பெரிய பொத்தான், தட்டினாலும் மாறும் வசதி, முன்கூட்டியே இறங்கும் இரண்டு சுருக்கிய படங்கள், இரண்டிலும் வெள்ளைத் தாள். அதன் கீழே மூன்று கிண்ணங்களின் படம். அதற்கடியில் ஒரே ஒரு வரி: எத்தனை முறை தேய்த்தோம், எந்த ஒளியில் எடுத்தோம்.

செய்து பாருங்கள்

கணினி நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் ஸ்லைடர் செய்யலாம்.

1. மங்கிய கரண்டி ஒன்றைச் சன்னல் ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். கரண்டியைத் தொடாமல், அருகில் மேசை விளக்கை ஏற்றி இன்னொரு படம் எடுங்கள்.

2. இரண்டையும் ஒரே அளவில் அச்சிடுங்கள்.

3. முதல் படத்தை இரண்டாம் படத்தின்மேல் சரியாகப் பொருத்தி, மேல் படத்தின் வல விளிம்பைப் பிடித்து இடப்பக்கமாக மெல்ல மடக்கிக்கொண்டே போங்கள். அடிப்படம் தெரியத் தொடங்கும். இதுதான் காகித ஸ்லைடர்.

4. நண்பர்கள் பத்துப் பேரிடம் காட்டி, "இந்தக் கரண்டியைத் துலக்கியிருக்கிறார்களா?" என்று கேளுங்கள். எத்தனை பேர் 'ஆம்' என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. அடுத்து, இரண்டு படங்களையும் வெள்ளைத் தாளோடு மறுபடியும் எடுத்து, வேறு பத்துப் பேரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.

இரண்டு எண்ணிக்கைகளும் வேறுபடுகின்றனவா? ஐந்தாம் படியில் ஏன் வேறு பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்? அதே பத்துப் பேரிடம் கேட்டிருந்தால் சோதனையில் எந்த மாறி கைமீறிப் போயிருக்கும்? விடையை உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள்.